உள்ளி மணத்த ஜக்கெற்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை. குண்டுக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனி வரைக்கும் ஓடிவந்து, முப்பது வருடங்களுக்கு மேல் பத்திரமாக வாழ்ந்து, தலை நரைத்த பிறகு ஒரு குண்டின் துண்டைத் தேடிப்பிடித்து, கடதாசியில் பக்குவமாகச் சுற்றி, என் ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி வேலைக்குப் போனவன். அந்த ஜக்கெற் இப்போதும் நான் வேலைசெய்யும் சமையலறையின் பின்கதவுக்குப் பக்கத்தில் கொழுவியில் தொங்குகிறது. வலது பக்கம், பொக்கற் இருந்த இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஓட்டை. அதனூடாகப் பார்த்தால் சுவரின் வெள்ளை ஓடு தெரியும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். நான் ஆளுக்கொரு கதை சொல்வேன். சுறா கடித்தது என்று ஒரு பரிசாரகரை முழுதாக ஒரு கிழமை நம்பவைத்திருக்கிறேன். உண்மையை இங்கேதான் முதன்முறையாக எழுதுகிறேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, இது ஜக்கெற்றின் கதையே இல்லை. என் முதலாளியம்மாவின் கதை. அதற்குள் நான் நுழைந்தது வழக்கம்போல் தடக்கி விழுந்துதான்.

ஜேர்மன்காரர் பெண் முதலாளியை ஷெஃபின் என்பார்கள். நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன். பால்டிக் கடலோரத்தில் ஒரு சிறிய துறைமுக ஊரில், படகுகள் கட்டும் மேடைக்கு எதிரே, அவருடைய மீன் உணவகம் இருக்கிறது. நான் அங்கே கோப்பை கழுவத்தான் போனேன், பிறகுதான் சமையல்காரன் ஆனேன். நேர்முகப் பரீட்சையில் இரண்டு கேள்விகள். மீன் வெட்டத் தெரியுமா? தெரியும். நேரத்துக்கு வருவாயா? வருவேன். "அப்ப நாளைக்கு வா" என்றார். இந்தப் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான். காலை வணக்கம், மாலை வணக்கம், சந்தோஷம், அனுதாபம் எல்லாவற்றையும் "மொய்ன்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நானோ வாய் மூடாத ஆள். எனக்கும் ஷெஃபினுக்கும் எப்படி ஒத்துப்போனது என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். இருவரும் பேசியதைக் கூட்டிப் பாதியாகப் பிரித்தால் இரண்டு சாதாரண மனிதர்கள் பேசிய அளவு வரும், அதுதான் இரகசியம் என்பேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் பேசியது ஜேர்மன் மொழிதான், ஆனால் இத்தனை வருடம் கேட்டுக்கேட்டு அது என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய சமையலறையில் மூன்று சட்டங்கள் இருந்தன. முதலாவது, உள்ளி கூடாது. தமிழ்நாட்டில் வெள்ளைப்பூண்டு என்பார்களே, அதுதான். மீன் மீனாக மணக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. உள்ளி இல்லாமல் சமைக்கச் சொல்வது என்னைப் போன்ற ஒருவனிடம் மூச்சு விடாமல் ஓடச் சொல்வதுபோல. ஆனாலும் பழகிக்கொண்டேன், இடைக்கிடை களவாக ஒரு பல்லு நசுக்கிப் போட்டு அகப்பட்டுமிருக்கிறேன். இரண்டாவது, பின்முற்றத்தில் மீன் புகைபோடும் அடுப்பை யார் மூட்டினாரோ அவரே அணைக்கவேண்டும். அது பழைய நிலக்கரி அடுப்பு. கீழ்க்கதவில் காற்று போகும் வழியை மூட ஓர் இரும்புத் திருகு இருக்கும். திறந்திருந்தால் அது கதவிலிருந்து இரண்டு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முழுதாக முறுக்கி மூடினால் கதவோடு ஒட்டிக்கொள்ளும். காற்று நின்றதும் நெருப்பு திணறி, சாவதற்கு முன் புகைபோக்கியால் கரும்புகையைக் கக்கும். முதல்நாள் அதைக் கண்டு நான் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடினேன். ஷெஃபின் வாளியை வாங்கி நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது சட்டம் அவருக்கு மட்டும் உரியது. மத்தியானச் சமையல் முடிந்து அடுப்புகளை அணைத்ததும், அவர் வந்து ஒவ்வோர் அடுப்புத் தட்டின் மேலும் உள்ளங்கையை விரித்து வைப்பார். "கால்ட்" என்பார். குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த தட்டு. "கால்ட்." நான்கு தட்டுக்கும் நான்கு தடவை. சூடு தணியாமல் இருந்தால் அது தணியும்வரை பக்கத்திலேயே நிற்பார். பூசை முடித்த ஐயர் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல எனக்குத் தோன்றும். இதெல்லாம் போதாதென்று, ஊருக்கெல்லாம் கோப்பி விற்கும் அந்தக் கடையில் அவர் மட்டும் கோப்பி குடிக்கமாட்டார். நான் காலை பத்து மணிக்கு அவரைக் கண்டதும் "கோப்பி?" என்பேன். "வேண்டாம்" என்பார். தேநீர் போட்டுக் கொடுப்பேன்.

என் வாய் சும்மா இருக்குமா? மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன், சாப்பாட்டு மண்டபம் நிறைந்திருந்த ஒருநாள், மீன் தட்டைக் கொண்டுபோய் வைத்த கையோடு உல்லாசப் பயணிகளுக்கு அதை நடித்துக் காட்டினேன். மேசை மேசையாக உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "கால்ட், கால்ட்" என்று ஆசீர்வாதம் செய்தேன். பயணிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் ஷெஃபின் நின்றிருந்தார். திரும்பி உள்ளே போனார். கடைக்குப் பக்கத்து வீட்டு மீனவர், அப்போதே தொழிலிலிருந்து ஒதுங்கியிருந்தவர், எழும்பி வந்து என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"வெளியில வா. உனக்கு ஒண்டும் தெரியாது."

துறைமுக முனையில் ஒரு கருங்கல் நாட்டியிருக்கிறார்கள். அதுவரை நான் அதில் சாய்ந்து நின்று சிகரெட் பிடித்திருக்கிறேனே தவிர வாசித்ததில்லை. அன்றைக்கு அவர் வாசிக்கவைத்தார். போரின் கடைசிக் காலத்தில் கடற்படைக்கு வெடிபொருள் ஏற்றிச்செல்லும் கப்பலொன்று, அந்த முனையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், இன்னொரு கப்பலுக்குச் சரக்கு மாற்றுவதற்காக மெல்ல நெருங்கிக்கொண்டிருந்தபோது வெடித்தது. ஊரில் ஒரு கண்ணாடி மிஞ்சவில்லை. கப்பலில் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாதிப்பேர் அந்த ஊரும் அயலூரும். கல்லில் முப்பத்துச் சொச்சம் பெயர்கள். மீனவர் ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ர அண்ணன்" என்றார். பிறகு கல்லின் அடிப்பக்கத்து வெறுமையைக் காட்டினார். "இஞ்ச ஒரு பேர் இல்லை. உன்ர ஷெஃபின்ர தகப்பன். அவர்தான் கப்பலில சமையல்காரன்."

வெடிபொருள் மாற்றும் நேரத்தில் கப்பலில் அடுப்பு எரியக்கூடாது என்பது கட்டளை. சமையல்காரர் கோப்பி கொதிக்கவைப்பதற்காக அடுப்பை அணைக்காமல் விட்டார், பொறி பறந்து கப்பல் வெடித்தது, இதுதான் ஊரின் தீர்ப்பு. எல்லோரும் இறந்துபோன கப்பலில் கோப்பி கொதித்ததைக் கண்டது யார் என்று நான் கேட்டேன். மீனவர் கடல் பக்கம் கையை நீட்டினார்.

"கோப்பியை ஒருத்தரும் காணேல்ல. புகையை நான் கண்டனான். ஏழு வயசு எனக்கு. இதிலதான் நிண்டனான். சமையலறைக் குழாயால கறுப்பாப் புகை வந்தது. பிறகு வெடிச்சது. கேட்ட ஆக்களுக்கு அதைத்தான் சொன்னனான்."

பெயரைக் கல்லில் சேர்க்க மற்றக் குடும்பங்கள் விடவில்லை. ஷெஃபினுக்கு அப்போது ஐந்து வயது. பாண் வாங்கப் போன கடையில் தாயாருக்கு முதுகைக் காட்டினார்களாம். அந்தத் தாயார் ஊரைவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. போர் முடிந்ததும் அதே துறைமுகத்துக்கு எதிரே, அந்தக் கல்லைப் பார்த்தபடி, ஓர் அடுப்பை மூட்டிச் சாப்பாட்டுக் கடை தொடங்கினார். வேறு கடை இல்லாததால் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். ஒவ்வொரு நாளும் கடை பூட்டும்போது அவர் அடுப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு மகள் வைத்தார். அந்தக் கையைத்தான் நான் மேசை மேசையாக நடித்துக் காட்டியிருக்கிறேன்.

அடுத்தநாள் காலை நான் வாயைத் திறக்கவில்லை. கோப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. நேரே தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"இண்டைக்கு ஏன் கேக்கேல்ல?"

நான் ஏதோ முணுமுணுத்தேன். மன்னிப்பு என்ற சொல்லும் அதற்குள் இருந்தது.

"நீ கேள்" என்றார். "நான் வேண்டாமெண்டு சொல்லுறன். அவ்வளவுதான்."

கேட்டேன். சொன்னார். அதன்பிறகு விடுமுறை நாள்களைத் தவிர ஒருநாளும் நான் கேட்காமல் விட்டதில்லை. இரக்கப்பட்டுத் தன்னை ஒதுக்குவதை அவர் சிறுவயதிலிருந்தே போதுமான அளவு பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன். பகிடி பண்ணுகிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்வார். பக்கத்தில் வந்து மெல்லப் பேசுகிறவனைப் பொறுக்கமாட்டார்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். புயலடித்து ஓய்ந்த காலையில் எங்கள் கடற்கரையில் அம்பர் கல் ஒதுங்கும். ஆதிகாலத்து மரப்பிசின் இறுகித் தேன் நிறத்தில் கல்லாகிவிட்ட சாமான். பளபளவென்று தேய்த்துச் சங்கிலியில் கோத்துப் போடுவார்கள். அதே நிறத்தில் வேறொன்றும் ஒதுங்கும்: போர்க்காலத்துக் குண்டுகளிலிருந்து கசிந்த பொஸ்பரஸ். ஈரமாக இருக்கும்வரை சமத்துப் பிள்ளை. காய்ந்து உடம்புச் சூடு பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். பொறுக்கும் கல்லைப் பொக்கற்றில் வைக்காதீர்கள், தகரப்பேணியில் போடுங்கள் என்று கடற்கரையில் அறிவித்தல் பலகை இருக்கிறது. பிரான்ஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த என் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அந்தப் பலகையைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னவன் நான். குரலை உயர்த்திச் சொல்லுவேன், ஆபத்தான ஊரில் தைரியமாக வாழ்கிறவன் என்று அவர்கள் நினைக்கவேண்டுமே.

அப்படிப்பட்ட நான், புயலுக்கு மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், ஒரு கோழிமுட்டை பருமனில் மஞ்சள் கல்லொன்றைக் கண்டேன். ஜேர்மனியில் எங்கள் ஆட்கள் கட்டிய ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்கு மனைவி போட்டுக்கொண்டு போக ஒரு பதக்கம் செய்வித்துக் கொடுக்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. பலகை ஞாபகத்துக்கு வராமல் இல்லை. ஆனால் நான் யார்? இரத்தினக்கல் விளையும் தீவில் பிறந்தவன். கல்லைப் பற்றி எனக்கு ஜேர்மன் பலகையா படிப்பிப்பது? மூக்குத் துடைக்கும் கடதாசியில் சுற்றினேன். பொக்கற்றில் போட்டேன். சமையலறைக்குப் போய், ஜக்கெற் நனைந்திருக்கிறதே என்று, அதைச் சூளையடுப்புக்குப் பக்கத்துக் கொழுவியில் நன்றாகக் காயும்படி கொழுவினேன். ஒரு வேலையை முழுமையாகச் செய்வதென்றால் இப்படித்தான் செய்யவேண்டும்.

பத்து மணிக்கு ஷெஃபின் வந்தார். கோப்பி வேண்டாம் என்றார். தேநீரை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, மூக்கைச் சுளித்தார்.

"உள்ளி."

"இல்லை, ஷெஃபின்."

"மணக்குது."

"சத்தியமா இல்லை, ஷெஃபின். இண்டைக்கு நான் தொடவே இல்லை."

"எத்தினை தரம் சொன்னனான்" என்று அவர் எழும்பி வந்து என் சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்தார். நான் பின்னாலேயே போய் என் குற்றமின்மையை நிரூபித்துக்கொண்டிருந்தேன். பொஸ்பரஸ் உள்ளி மணம் மணக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. மூன்றாவது சட்டியை மணக்கும்போது, எங்களுக்குப் பின்னால், என் ஜக்கெற் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு தீப்பிடித்தது.

மீன் புரட்டும் நீள இடுக்கியால் அதைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். தண்ணீர் ஊற்றினேன், அணைந்தது. வெற்றியோடு திரும்பினேன், பற்றியது. மறுபடி ஊற்றினேன், அணைந்தது. காயக்காயப் பற்றியது. அணைக்க அணைக்க எரியும் ஜக்கெற்றை நான் பேய்க்கதைகளில்கூடக் கேட்டதில்லை. தீயணைப்புப் படை வந்து ஈரமணலால் மூடிப் புதைத்தது. நல்ல வேளையாக ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஊர் முழுவதும் தெருவில் கூடிவிட்டது. புகையைப் பார்த்துக்கொண்டு நின்ற யாரோ ஒருவர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், சும்மா சொன்னார்:

"சமையல்காரன்தான். வேற ஆர்?"

ஷெஃபின் என் பக்கத்தில் நின்றார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். எண்பது வருடமாக அந்த வசனம் எங்கேயோ காத்திருந்துவிட்டுச் சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்ததுபோல இருந்தது. பக்கத்து வீட்டு மீனவரும் கூட்டத்தில் நின்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு நான் உண்மையாகவே வெட்கப்பட்டேன். ஷெஃபினுடைய வாசலில், அவருடைய அடுப்படியில், இன்னொரு சமையல்காரன் புகை எழுப்பியிருக்கிறான்.

மத்தியானம் வெடிபொருள் அகற்றும் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மூங்கில்போல ஒல்லியான மனிதர். மணலைக் கிளறி, ஜக்கெற்றில் பொக்கற் இருந்த பக்கத்தை வட்டமாக வெட்டி ஒரு பேணிக்குள் போட்டார். மீதியைச் சோதித்துவிட்டு என்னிடம் தந்தார். பிறகு அறிக்கையை எழுதி ஷெஃபினுக்கு வாசித்துக் காட்டினார். "காரணம் கடலிலிருந்து வந்த பொருள். சமையலறைக்கோ சமையல்காரருக்கோ இதில் தவறு இல்லை." என் தவறு நிறையவே இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ஷெஃபின் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அதைத் திரும்ப வாசியுங்கோ" என்றார்.

அதிகாரி வாசித்தார். ஷெஃபின் ஜன்னலுக்கு வெளியே, கடல் பக்கம், விரலை நீட்டினார்.

"அங்க கிடக்கிற கப்பலுக்கும் இப்பிடி ஒண்டு எழுத ஏலுமோ?"

அத்தனை வருடத்தில் அவர் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. கடலடியில் கிடக்கும் பழைய வெடிபொருள்களை எடுக்கும் வேலை நடக்கிறது, அந்தக் கப்பலையும் இந்தக் கோடையில் படம் பிடிக்கப்போகிறார்கள் என்று அதிகாரி சொன்னார். இறந்தவரின் பிள்ளை விண்ணப்பித்தால் படத்தைக் காட்டலாமாம். ஜேர்மனியில் அழுவதற்கும் ஒரு படிவம் உண்டு. அதைக் கொண்டுவந்து நானும் அவரும் சமையலறை மேசையில் நிரப்பினோம். உறவுமுறை: மகள். கோரிக்கைக்கான காரணம் என்று எழுத ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். நான் ஐந்து வரிக்கும் உருக்கமாக ஒரு வசனம் மனதுக்குள் தயாரித்து வைத்திருந்தேன். அவர் பேனையை வாங்கி, "அடுப்பு" என்று ஒரு சொல்லை எழுதிக் கையொப்பம் வைத்தார்.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் மனைவியின் விசாரணை நடந்தது. "என்னப்பா, ஷெல் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள முதல் ஆளாப் பாயுற மனுசன், இப்ப குண்டைப் பொக்கற்றில வச்சுக்கொண்டு திரியுறியள்" என்றாள். பதக்கத்துக்காகத்தான் என்றேன். "நல்ல காலம், நீங்கள் அதைக் கொண்டுவந்து என்ர கழுத்தில போடேல்ல" என்றாள். தேருக்கு அவள் பழைய சங்கிலியோடுதான் போனாள். போகிற வருகிற எல்லோருக்கும் காரணத்தையும் சொன்னாள்.

கோடை முழுவதும் ஷெஃபின் அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டார். ஒருநாள் நான் கேட்டேன்: "ஷெஃபின், படத்தில கூடாததைக் கண்டா?" அவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்த பிறகுதான் பதில் வந்தது. "அப்ப அது தெரியும். இப்ப ஒண்டும் தெரியாது." அன்றிலிருந்து நானும் ஒரு கல்லைச் சுமந்து திரிந்தேன். பொஸ்பரஸ் இல்லை, பயம். நான் மூட்டிவிட்ட நெருப்பல்லவா இது. கப்பல் அடுப்பின் திருகு திறந்து கிடப்பதைக் கண்டால், கடைசிக்காலத்தில் அவருக்கு அதைக் கொண்டுவந்து காட்டியவன் நானாக இருப்பேன்.

இலையுதிர் காலத்தில், கடை பூட்டியிருக்கும் ஒரு திங்கட்கிழமை பின்னேரம், அதிகாரி கையடக்கத் திரையோடு வந்தார். ஷெஃபின் என்னைப் பார்த்து, "அவரையும் கூப்பிடு" என்று பக்கத்து வீட்டுப் பக்கம் தலையாட்டினார். மீனவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிழை செய்த ஆள்போல வந்து உட்கார்ந்தார். அவர்கள் இருவரும் எத்தனையோ வருடமாக அருகருகே வாழ்ந்து, தினமும் மொய்ன் சொல்லி, ஒரே மீனைச் சாப்பிட்டு, இதை மட்டும் பேசாமல் இருந்தவர்கள்.

படம் பச்சையாக, மங்கலாக இருந்தது. கப்பல் இரண்டாக முறிந்து கிடந்தது. முன்பாதி என்று சொல்ல ஒன்றும் இல்லை. பின்பாதி நிமிர்ந்தபடி சேற்றில் இருந்தது. அதிகாரி அடிப்பக்கத் தகடுகளைக் காட்டினார். அவை உள்நோக்கி மடங்கியிருந்தன. கீழேயிருந்து வந்த அடி, கடற்கண்ணிவெடி. அது வெடித்து, அதனால் சரக்கு வெடித்திருக்கிறது. அறிக்கையில் அப்படித்தான் வரும் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே எழும்பி ஆடவேண்டும்போல இருந்தது. ஷெஃபின் அசையவில்லை.

"சரி" என்றார். "அடுப்பு?"

மீனவரும் மெல்லச் சொன்னார்: "நான் புகையைக் கண்டனான். அது பொய்யில்லை."

அதிகாரி படத்தை நகர்த்தினார். உடைந்த மேல்தளத்துக்குள் கமரா இறங்கியது. ஒரு மூலை, தரையோடு பூட்டிய ஓர் இரும்புப் பெட்டி, அதைச் சுற்றி மட்டி. அவருக்கு அது ஒரு பழைய இரும்பு. அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

"நில்லுங்கோ" என்றேன் நான். "திரும்பப் போங்கோ."

என் வாழ்க்கையில் எனக்குச் சரியாகத் தெரிந்த விஷயங்கள் மிகச் சில. கல் தெரியாது என்பதை நிரூபித்துவிட்டேன். ஆனால் நிலக்கரி அடுப்பின் கீழ்க்கதவு தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நாளாந்தம் குனிந்து பார்த்த கதவு. அதிகாரி படத்தைப் பெரிதாக்கினார். கதவின் நடுவில் அந்தத் திருகு. இரண்டு விரல் வெளியே நிற்கவில்லை. கதவோடு ஒட்டி, ஒட்டியபடியே துருப்பிடித்து, இருந்தது.

"மூடியிருக்கு" என்றேன். "முழுக்க முறுக்கி மூடியிருக்கு, ஷெஃபின். கோப்பி கொதிக்க வைக்கிற ஒருத்தனும் இதை மூடமாட்டான். இது அணைக்கிற ஆள் மூடினது." பிறகு மீனவரிடம் திரும்பினேன். "நீங்கள் கண்டதும் உண்மை. காத்தை அடைச்சால் என்ன வரும்? எங்கட முற்றத்தில எத்தினை நாள் பாத்திருக்கிறியள். கறுப்பாப் புகை வரும். நீங்கள் கண்டது அவர் நெருப்பை அணைச்ச புகை."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன், அதைப் பதிவுசெய்து வைக்கவேண்டும். மீனவர் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். ஷெஃபின் கையை நீட்டி, அந்தத் திரையின் மேல், அடுப்பு இருந்த இடத்தில், உள்ளங்கையை விரித்து வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"கால்ட்" என்றார்.

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரை கீறுப்பட்டுவிடுமோ என்று பார்த்தார். சிரித்தேனா அழுதேனா என்று இப்போது கேட்டால் இரண்டையும் சேர்த்துச் செய்து மூக்கு ஒழுகவிட்டேன் என்பதுதான் சரி. மீனவர் எழும்பி வாசல்வரை போனார். கதவைப் பிடித்தபடி, திரும்பாமல் சொன்னார்:

"கல்லில வெட்டுறதுக்கு அவரின்ர முழுப்பேர் வேணும்."

ஷெஃபின் தகப்பனின் முழுப்பெயரைச் சொன்னார். மீனவர் தலையாட்டிவிட்டுப் போனார். எண்பது வருடத்து வழக்கு அவ்வளவில் முடிந்தது. எங்கள் ஆட்களென்றால் அதற்கு ஒரு மண்டபம் எடுத்து, ஒலிவாங்கி பிடித்து, மூன்று மணித்தியாலம் பேசி, கடைசியில் ஆரைக் கூப்பிடவில்லை என்று புதிதாக ஒரு வழக்கைத் தொடங்கியிருப்போம்.

மறுநாள் மத்தியானம் சமையல் முடிந்தது. அடுப்புகளை அணைத்தேன். வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். ஷெஃபின் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மொய்ன் என்றார், போய்விட்டார். ஒரு தட்டைக்கூடத் தொடவில்லை. நான் அந்த நான்கு தட்டுகளையும், அவை ஆறும் நேரம்வரை, பார்த்தபடி நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் யாராவது தொட்டுப் பார்க்காவிட்டால் அந்தச் சமையலறை பூட்டியதாகவே தோன்றவில்லை. நானே உள்ளங்கையை வைத்தேன். கால்ட். கால்ட். கால்ட். நான்காவதில் என் கை வெந்தது. அதை மட்டும் அணைக்க மறந்திருந்தேன். கப்பலில் நான் சமையல்காரனாக இருந்திருந்தால் ஊர் சொன்ன அத்தனையும் உண்மையாகியிருக்கும். அன்றிலிருந்து அந்தச் சட்டம் என்னுடையது.

இப்போது துறைமுகக் கல்லில் முப்பத்துச் சொச்சம் பெயர்களுக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கிறது. மற்ற எழுத்துகளில் பாசி பிடித்திருக்க, இது மட்டும் வெள்ளையாக, நேற்று வந்து சேர்ந்ததுபோல இருக்கிறது. வேலைக்கு வரும் வழியில் நான் அதைப் பார்த்துவிட்டு வருகிறேன். சாய்ந்து நிற்பதில்லை. ஜக்கெற்றை எறிந்துவிடலாம் என்று இரண்டுமுறை குப்பைவாளிவரை கொண்டுபோனேன். இரண்டுமுறையும் அடுத்தநாள் அது கொழுவிக்குத் திரும்பியிருந்தது. யார் எடுத்து மாட்டியது என்று நான் கேட்கவில்லை. ஆயினும் அந்த வயதில் குப்பைவாளிக்குள் குனிவது இடுப்புக்கு நல்லதில்லை என்று பொதுவாக, சுவரைப் பார்த்து, சொல்லிவைத்தேன்.

இன்று காலையும் பத்து மணிக்கு ஷெஃபின் வந்தார். தன் ஜன்னலோர முக்காலியில் உட்கார்ந்தார். நான் மீனுக்கு உப்புத் தடவியபடி ஜக்கெற்றைக் காட்டி ஆரம்பித்தேன். இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும், பெயர்ப்பலகை எழுதவேண்டும், பெரியவர்களுக்கு ஒரு கட்டணம், சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம், உள்ளி மணம் வேண்டுபவர்களுக்குத் தனி ஏற்பாடு, வாசலில் விளக்கம் சொல்ல நானே நிற்பேன், என்று நீட்டிக்கொண்டே போனேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. தேநீருக்குக் கேத்தலை வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே, இத்தனை வருடப் பழக்கத்தில் கேட்டேன்:

"கோப்பி?"

"பால் விடாதே."